மண்டையோட்டுப் படம் பிறந்த திகதியைச் சொல்லுமா?

வாசகர் கேள்விகள் – டொக்டர் பதில்கள்

கேள்வி: டொக்டர் ஐயாவுக்கு வணக்கம். என் அக்காவின் மகன் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்து, புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் ஒன்றரை வருடமாக வேலை செய்கிறான். சென்ற மாதம் லொறியிலிருந்து சாமான் இறக்கும்போது மூட்டைகள் சரிந்து தலையில் அடிபட்டது. வைத்தியசாலையில் தலைக்கு சி.ரி. ஸ்கேன் எடுத்து, உள்ளே இரத்தக்கசிவு இல்லை என்று கூறி இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது நட்டஈட்டுப் பேச்சில் அவனுடைய வயதுதான் பெரிய பிரச்சினையாகிவிட்டது. அவன் பிறந்தபோது பதிவு செய்யவில்லை. அக்கா வெளிநாட்டில் இருக்கிறார். எங்கள் கணக்கில் அவனுக்கு இப்போது, அதாவது 2025 இல், 16 வயது. கடைக்காரர் 19 என்கிறார். அவர் சார்பில் வந்த ஒருவர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, “மண்டையோட்டின் அடியெலும்பு பொருந்திவிட்டது, ஆகவே 18 தாண்டியவன்” என்று சொன்னார். என் அம்மாவோ, 2009 மே மாதம் யுத்தம் முடிந்தது என்று ரவுணில் வெடி கொளுத்திய அன்று இவன் தன் மடியில் கிடந்தான், உச்சி இன்னும் மெத்தென்று இருந்தது, கீழே இரண்டு பல் மட்டும் முளைத்திருந்தது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். எதை நம்புவது? – வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: அந்த மனிதர் படத்தில் கண்டது சரியாக இருக்கலாம், கண்டதிலிருந்து அவர் எடுத்த முடிவு பிழையானது. அவர் குறிப்பிடும் மூட்டு மூடியிருப்பது, ஒரு பையன் பருவ வளர்ச்சியின் பெரும்பகுதியைக் கடந்துவிட்டான் என்பதைக் காட்டுமேயன்றி, பதினெட்டாவது பிறந்த நாளைக் கடந்துவிட்டான் என்பதைக் காட்டாது.

அந்த மூட்டு எங்கே இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூக்குக்குப் பின்னால், தொண்டையின் கூரைக்கு மேலே, மண்டையோட்டின் அடித்தளத்தின் நடுவில் ஆப்பெலும்பும் பிடரெலும்பும் சந்திக்கின்றன. தலையை மூக்கின் நடுவே நேராக இரண்டாகப் பிளந்தாற்போல ஒரு ஸ்கேன் படத்தைப் பார்த்தால், கபச்சுரப்பி உட்கார்ந்திருக்கும் சிறு சேணம் போன்ற பள்ளம் தெரியும். அதன் பின்புறத்திலிருந்து எலும்பு ஒரு சரிவாகக் கழுத்தை நோக்கி இறங்கும். மூளைத்தண்டு சாய்ந்துகொண்டிருப்பது அந்தச் சரிவின்மேல்தான். பத்து வயதுப் பிள்ளையின் படத்தில் வெள்ளையான அந்தச் சரிவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு கருமையான பட்டை செல்லும். அது எலும்பு முறிவு அல்ல. இரண்டு எலும்புகளுக்கும் இடையில் இருக்கும் கசியிழையம். கை கால் எலும்புகளின் நுனியில் வளர்ச்சித் தட்டு இருப்பதைப் போல, மண்டையோட்டின் அடித்தளம் நீள்வதற்கும் முகம் முன்னோக்கி வளர்வதற்கும் இந்தக் கசியிழையம் வேலை செய்கிறது. பருவ வயதில் பாலின ஓமோன்கள் பெருகும்போது அது மெல்ல மெல்ல எலும்பாகிறது. மூடுவது மேற்புறத்தில், அதாவது மூளைப் பக்கத்தில், தொடங்கித் தொண்டைப் பக்கமாக இறங்கிவரும். கடைசியாகக் கீழ் விளிம்பில் ஒரு சிறு வெடிப்பு மட்டும் எஞ்சியிருக்கும். அதுவும் மூடியபின், ஆறிய புண்ணின் தழும்பு போல ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு சில காலம் நிற்கும்.

ஸ்கேன் படங்களைக் கொண்டு பல நாடுகளில் செய்த ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், பெண்பிள்ளைகளில் இந்த மூடுதல் ஏறத்தாழ 11 இற்கும் 16 இற்கும் இடையிலும், ஆண்பிள்ளைகளில் ஏறத்தாழ 13 இற்கும் 18 இற்கும் இடையிலும் நிகழ்கிறது. பெண்பிள்ளைகள் இரண்டு வருடம் அளவில் முந்திக்கொள்வதிலிருந்தே, இந்த மூட்டு பருவமடைதலின் பின்னால் போகிறது என்பது விளங்கும். ஆகவே 16 வயதுப் பையனில் அது முழுதாக மூடியிருப்பதில் வியப்பு ஒன்றுமில்லை. 19 வயதிலும் மூடியே இருக்கும். நாற்பது வயதிலும் அப்படியே. உங்களுக்கும் கடைக்காரருக்கும் இடையில் இருக்கும் கேள்வி 16 ஆ, 19 ஆ என்பது. அந்தக் கேள்விக்கு மூடிய மூட்டில் பதில் இல்லை.

இதுவே மறுபக்கமாக இருந்திருந்தால் கதை வேறு. அந்த மூட்டு அகலத் திறந்திருந்தாலோ பாதியளவே மூடியிருந்தாலோ, பையன் 18 ஐத் தாண்டவில்லை என்று ஓரளவு துணிந்து சொல்லியிருக்கலாம். ஓமோன் குறைபாடோ நாட்பட்ட நோயோ போசாக்குக் குறைவோ எலும்பு முதிர்ச்சியைப் பின்தள்ளக்கூடும் என்பதால், அப்போதும் எச்சரிக்கையோடுதான் சொல்ல வேண்டும். திறந்த மூட்டு பேசும், மூடிய மூட்டு பேசாது. இந்த வேறுபாட்டைத் தெரியாமலோ தெரிந்தே மறைத்தோ பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு பொறியையும் சொல்லிவைக்கிறேன், ஏனெனில் அடுத்த பேச்சில் யாராவது ஓர் ஆய்வைக் காட்டி, “மூட்டு மூடியவர்களின் சராசரி வயது இருபதுக்கு மேல்” என்று சொல்லக்கூடும். ஓர் ஆய்வில் 10 வயது முதல் 20 வயது வரையானவர்களைச் சேர்த்தால், மூட்டு மூடியவர்களின் சராசரி பதினேழு, பதினெட்டு என்று வரும். அதே ஆய்வில் 30 வயது வரை சேர்த்துக்கொண்டால் சராசரி இருபதுக்கு மேலே ஏறிவிடும். மூட்டு மாறவில்லை, ஆட்களைத் தெரிந்தெடுத்த எல்லைதான் மாறியது. மூடியபின் வேறு நிலை இல்லாத ஒன்றுக்குச் சராசரி வயது கேட்பது, சாதாரண தரத்தில் சித்தியடைந்தவர்களின் சராசரி வயது என்ன என்று ஊர் முழுவதும் கேட்டுத் திரிவதற்கு ஒப்பாகும். எழுபது வயதுத் தாத்தாவும் அந்தக் கணக்கில் வந்து சேர்ந்துவிடுவார். கேட்க வேண்டிய கேள்வி, மூட்டு முழுதாக மூடியவர்களுள் ஆகக் குறைந்த வயது என்ன என்பதே. ஆண்பிள்ளைகளில் அது 18 இலும் நன்றாகக் குறைவு.

படத்தையும் எப்படிப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். தலையில் அடிபட்டவருக்கு எடுக்கும் ஸ்கேன், இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் தேடி எடுக்கப்படுவது. பெரும்பாலும் 5 மில்லிமீற்றர் தடிப்பான வெட்டுகளாகவே படம் தரப்படும். மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு அத்தகைய தடித்த வெட்டில் மங்கி, மூடியது போலத் தோன்றிவிடலாம். ஒரு மில்லிமீற்றர் அளவிலான மெல்லிய வெட்டுகளை, எலும்புக்குரிய ஒளியமைப்பில், நேர் நடுக்கோட்டில் வைத்துப் பார்த்தால்தான் அந்த மூட்டைப் பற்றிப் பேச முடியும். மூலத் தரவு இயந்திரத்தில் இன்னும் அழியாமல் இருந்தால், மீண்டும் பையனைப் படுக்கவைக்காமலே அதிலிருந்து மெல்லிய வெட்டுகளை உருவாக்கலாம். வயதைத் தெரிந்துகொள்வதற்கென்றே தலைக்கு இன்னொரு ஸ்கேன் எடுக்க மட்டும் உடன்பட வேண்டாம். தலை ஸ்கேன் ஒன்றின் கதிர்வீச்சு ஏறத்தாழ 2 மில்லிசீவர்ட். நாம் எல்லோரும் ஒரு வருடத்தில் மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகப் பெறுவது உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். அடிபட்டபோது அந்த ஸ்கேனை எடுத்தது நியாயம். பிறந்த திகதியைத் தேடி எடுப்பது நியாயமாகாது.

வயதைப் பற்றி நீதிமன்றமோ பொலிஸாரோ கேட்டால், கருத்துச் சொல்ல வேண்டியவர் சட்ட வைத்திய அதிகாரி. அவர் ஒரு படத்தை மட்டும் தூக்கிப் பார்த்து எழுத மாட்டார்; உடல் வளர்ச்சி, பற்கள், தேவையானால் கையின் எக்ஸ்றே என்று ஒன்றோடொன்று ஒப்பிட்டு, “இந்த வயதுக்கும் இந்த வயதுக்கும் இடையில்” என்றே எழுதுவார். ஒற்றை எண்ணாக வயது எழுதிய அறிக்கை கையில் வந்தால், அதைப் பற்றிக் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நம் நாட்டில் 2021 முதல் வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயது 16 என்பதால், ஒன்றரை வருடத்துக்கு முன்னர் அவனுக்கு என்ன வயது என்பதும் இங்கே கேள்விதான். கடைக்காரரின் 19 எங்கிருந்து வந்தது என்று நான் ஊகிக்கப் போவதில்லை. உங்கள் அம்மா சொன்னதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

கேள்வி: நான் உயர்தர உயிரியல் கற்பிக்கிறேன். என்னிடமுள்ள பழைய உடற்கூற்று நூலில், ஆப்பெலும்பும் பிடரெலும்பும் 18 முதல் 25 வயதுக்குள் இணையும் என்று இருக்கிறது. நீங்கள் முன்னொரு முறை 18 இற்குள் என்று எழுதியிருந்தீர்கள். எது சரி? – ஆசிரியர், தெகிவளை

பதில்: 18 இற்குள் என்பதே சரி. நானும் மாணவனாக 25 என்று எழுதிப் புள்ளி வாங்கியவன்தான், ஆகவே உங்கள் நூலை ஏளனம் செய்ய மாட்டேன். பழைய நூலாசிரியர்களிடம் இருந்தவை உலர்ந்த மண்டையோடுகள். அவற்றுள்ளும் வயது ஆவணத்தோடு உறுதியான, பதின்ம வயதினருடைய மண்டையோடுகள் மிகக் குறைவு. எனவே பன்னிரண்டு வயதுக்கும் இருபது வயதுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதை அவர்களால் வருடம் வருடமாகப் பார்க்க முடியவில்லை. ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்து எழுத, அந்த எண் நிலைத்துவிட்டது. 1960 களில் உயிருள்ள பிள்ளைகளின் எக்ஸ்றே படங்களைக் கொண்டு பார்த்தபோதே மூடும் வயது பல வருடங்கள் கீழே இறங்கிவிட்டது. சி.ரி. ஸ்கேன் வந்தபின் அதில் ஐயம் இல்லாமற் போயிற்று. முதற்கேள்வியில் வந்த “பொருந்திவிட்டது, ஆகவே 18” என்ற பேச்சும் இந்தப் பழைய எண்ணின் வாரிசுதான் என்று நினைக்கிறேன்.

மாணவருக்கு இன்னொன்றையும் பிரித்துக் காட்டுங்கள். மண்டையோட்டின் கூரையில் பல்பல்லாகக் கோத்திருக்கும் பொருத்துகள் வேறு. அடித்தளத்தில் இருக்கும் இந்தக் கசியிழைய மூட்டு வேறு. கூரைப் பொருத்துகள் மூடுவதைக் கொண்டு வயது கணிக்க அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் ரொட், லயன் என்னும் இருவர் 1924, 1925 ஆம் ஆண்டுகளில் விரிவாக முயன்றார்கள். ஒழுங்குக்கு மாறாக மூடிய மண்டையோடுகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டே அவர்கள் தம் அட்டவணையைக் கட்டினார்கள் என்பதிலிருந்து அதன் பலவீனம் தெரியும். எழுபது வயதிலும் பொருத்துகள் திறந்திருப்போர் உண்டு, முப்பதிலேயே மூடியோரும் உண்டு.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. உயரம் அதிகம், மீசையும் அரும்பிவிட்டது. உதைபந்தாட்டப் போட்டியில் எதிரணியினர் வயதைக் குறைத்துச் சொல்வதாக முறையிட்டிருக்கிறார்கள். தலைக்கு ஸ்கேன் எடுத்துக் கொடுத்தால் வாயை அடைக்கலாமா? – தந்தை, மட்டக்குளி

பதில்: பிறப்புச் சான்றிதழ் இருக்கும்போது ஸ்கேன் எதற்கு? அதோடு, உங்கள் மகன் முன்னதாகப் பருவமடைந்தவன் போலத் தெரிவதால், அந்தப் படம் அவனுக்கு எதிராகவே திரும்பக்கூடும். முந்திப் பருவமடைந்த பிள்ளையின் எலும்பும் முந்தியே முதிரும். எலும்பு வயது வேறு, பிறந்த நாளிலிருந்து எண்ணும் வயது வேறு, இரண்டும் ஒரே பிள்ளையில் ஒரு வருடம் விலகி நிற்பது சாதாரணம்.

விளையாட்டில் வயதுச் சோதனை நடைபெறாமல் இல்லை. உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் 2009 இல் நைஜீரியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்திலிருந்து மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிறது, அதில் கதிர்வீச்சு இல்லை. மணிக்கட்டின் ஆரை எலும்பு நுனி முழுதாக மூடியிருந்தால் 17 ஐக் கடந்தவர் என்று கொள்கிறார்கள். இந்தியக் கிரிக்கெட் சபை 16 வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளைகளுக்குக் கையின் எக்ஸ்றேயைப் பயன்படுத்துகிறது. எவரும் தலையைத் தொடுவதில்லை.

கேள்வி: ஐரோப்பாவில் அகதி விண்ணப்பம் செய்திருக்கும் என் தம்பியின் மகனை வயதுப் பரிசோதனைக்கு அழைத்திருக்கிறார்கள். தலை, நெஞ்சு எல்லாம் ஸ்கேன் செய்வார்களா என்று பயந்துபோய்த் தொலைபேசியில் கேட்கிறான். – வாசகி, வெள்ளவத்தை

பதில்: நாட்டுக்கு நாடு முறை மாறும். 2000 ஆம் ஆண்டில் பெர்லினில் அமைக்கப்பட்ட சட்ட மருத்துவர் குழுவொன்றின் பரிந்துரையைப் பல நாடுகள் தழுவிச் செல்கின்றன: உடற்பரிசோதனை, கையின் எக்ஸ்றே, பற்கள் முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் தாடை எக்ஸ்றே, கையெலும்புகள் முழுதாக முதிர்ந்திருந்தால் மட்டும் காறையெலும்பின் நெஞ்சுப் பக்க நுனிக்கு சி.ரி. ஸ்கேன். நெஞ்சு ஸ்கேன் என்று அவன் கேள்விப்பட்டது இதுவாக இருக்கலாம். சுவீடன் 2017 முதல் ஞானப்பல் எக்ஸ்றேயையும் முழங்கால் எம்.ஆர்.ஐ. படத்தையும் பயன்படுத்தியது, அதன் மீது கடுமையான விமர்சனமும் எழுந்தது. பிரித்தானியா 2024 இல் கொண்டுவந்த விதிமுறைகள் பற்களையும் கையையும் எக்ஸ்றேக்கும், முழங்காலையும் காறையெலும்பையும் எம்.ஆர்.ஐ. இற்கும் குறிப்பிடுகின்றன. மண்டையோட்டின் அடித்தளம் இவற்றுள் எதிலும் இல்லை.

ஏன் காறையெலும்பு என்று கேட்டால், காரணம் எளியது. ஓர் எல்லையைத் தாண்டினாரா என்று அறிய, அந்த எல்லைக்குப் பின்னர் மூடுகின்ற எலும்புதான் உதவும். உடலில் கடைசியாக முதிரும் மூட்டுகளுள் காறையெலும்பின் உட்புற நுனியும் ஒன்று. இருபதுகளிலும் அங்கே மாற்றம் நடந்துகொண்டிருக்கும். கையின் எக்ஸ்றேயை ஒப்பிட்டு வயது பார்க்கும் பிரபலமான அட்லஸ், அதாவது மாதிரிப் படத்தொகுப்பு, 1930 களில் கிளீவ்லண்டில் வசதியான வீட்டுப் பிள்ளைகளை வருடந்தோறும் படமெடுத்து உருவாக்கியது. நம் பிள்ளைகள் வறுமையில் வளர்ந்திருந்தால் எலும்பு பிந்தி முதிரும். உண்மை வயதைவிட இளையவராகவே படம் காட்டும். உங்கள் தம்பி மகன் பயப்படுவதைவிட, பாடசாலை அனுமதிப் பதிவேட்டின் பிரதியையும் பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பையும் அனுப்பச் சொல்லிக் கேட்பது அவனுக்கு நல்லது. கைக்கும் பல்லுக்கும் எடுக்கும் படங்களின் கதிர்வீச்சு மிகச் சிறியது. பல்லுக்கானது ஏறத்தாழ 0.02 மில்லிசீவர்ட், கைக்கானது அதிலும் வெகு குறைவு.

கேள்வி: என் பேத்திக்கு 15 மாதம். உச்சிக்குழி இன்னும் துடிக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு 10 மாதத்திலேயே மூடிவிட்டது. பயப்பட வேண்டுமா? – பாட்டி, முகத்துவாரம்

பதில்: பிள்ளை நன்றாக வளர்ந்து, தலைச் சுற்றளவும் ஒழுங்காக ஏறினால் பயம் வேண்டாம். பின்னுச்சி இரண்டு, மூன்று மாதத்திலும், முன்னுச்சி பெரும்பாலும் 12 முதல் 18 மாதத்திலும் மூடும். 24 மாதம் வரை செல்லும் பிள்ளைகளும் உண்டு. அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைக் காட்டித் தலைச் சுற்றளவுக் கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் வைக்கலாம், அழுத்த வேண்டாம்.

உங்கள் கேள்வி வந்ததில் எனக்கு ஒரு மகிழ்ச்சி, ஏனெனில் கொட்டாஞ்சேனை வாசகியின் அம்மாவிடம் இப்போது திரும்பலாம். அந்த மூதாட்டி, 2009 மே மாதத்தில் பையனின் உச்சி மெத்தென்று இருந்தது, கீழே இரண்டு பல் இருந்தது என்கிறார். கீழ் நடுப்பற்கள் இரண்டும் பெரும்பாலும் 6 முதல் 10 மாதத்தில் முளைக்கும். அடுத்தவை வர அதிக நாள் ஆகாது. அவர் நினைவு சரியானால் பையன் 2008 இன் பிற்பாதியில் பிறந்திருக்க வேண்டும். 2025 இல் அவனுக்குப் 16, அல்லது இப்போதுதான் 17. மாறாக, கடைக்காரர் சொல்வது போல இப்போது 19 ஆனால், அன்று அவனுக்கு ஏறத்தாழ மூன்று வயது. மூன்று வயதுப் பிள்ளையின் உச்சி மூடி வெகுநாளாகியிருக்கும், பாற்பற்கள் இருபதும் வாயில் இருக்கும், அது மடியிலும் கிடக்காது, வெடிச்சத்தம் கேட்ட பக்கமாக ஓடியிருக்கும். பேரப்பிள்ளையின் தலையில் எண்ணெய் தேய்த்த விரல் இங்கே சி.ரி. ஸ்கேனைவிடக் கூர்மையாக அளந்திருக்கிறது.

ஆனால் நினைவு சான்றாவதற்குக் கடதாசி வேண்டும், வாசகியே. தோட்ட வைத்தியசாலையின் பிரசவப் பதிவேடு, மருத்துவமாதுவின் பதிவேடு, தடுப்பூசி அட்டை, பாடசாலை அனுமதிப் பதிவேடு, பிறந்த அன்று எழுதிய சாதகக் குறிப்பு இருந்தால் அதன் மூலப் பிரதி என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். பிந்திய பிறப்புப் பதிவுக்கான விண்ணப்பத்தைப் பற்றி அவன் பிறந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில், மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விசாரியுங்கள். அவசரத்தில் யாரோ ஊகித்துத் தரும் ஒரு திகதியை ஏற்றுக்கொள்ள வேண்டாம். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க அடையாள அட்டை எண்ணில் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த வருடம், அடுத்த மூன்று பிறந்த நாள். பிழையான திகதி பதிவாகிவிட்டால், அது அவன் பெயரோடு ஆயுள் முழுவதும் எண்ணாகவே ஒட்டிக்கொண்டிருக்கும். அம்மா சொன்னதை, யார் யார் அன்று வீட்டில் இருந்தார்கள் என்பதோடு, இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள், அவருக்கும் வயதாகிறது.